இஸ்கூலு என்றால் என்ன குறை?

"இஸ்கூலு", "இஸ்டேசன்", "பஸ்ஸு", "டிக்கெட்டு" என்று பேசுகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பது நம்மில் பலருக்குப் பழக்கம். படிக்காதவர்கள், நாக்கு திருந்தாதவர்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். ஓய்வு பெற்ற பிறகு நன்னூலைப் பொறுமையாகப் படித்தபோது எனக்கு வேறுவிதமாகத் தோன்றியது. இவர்கள் தமிழின் சட்டப்படிதான் பேசுகிறார்கள்.

பேசும்போது நாம் எழுத்தெழுத்தாக ஒலிப்பதில்லை. ஓர் உயிரொலியை நடுவில் வைத்து, முன்னும் பின்னும் மெய்யைச் சேர்த்து, துண்டு துண்டாக ஒலிக்கிறோம். "அம்மா" என்பதில் அம், மா என இரண்டு துண்டுகள். இதை அசை என்று வைத்துக்கொள்வோம். (யாப்பில் வரும் நிரையசையில் இரண்டு உயிர்கள் இருக்கும். நான் சொல்வது பேச்சில் காதுக்குக் கேட்கும் அசை.)

எப்படிப்பட்ட அசை செல்லும், எது செல்லாது என்று ஒவ்வொரு மொழிக்கும் ஒரு கணக்கு உண்டு. தமிழ்ச் சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய்கள் ஒட்டி நிற்பதில்லை. கடைசியில் க், ட், ப் போன்ற வல்லின மெய் நிற்பதில்லை.

அயல் சொற்கள் வந்தபோது இந்தக் கணக்குதான் வேலை செய்தது. வடசொல்லை எடுத்தாலும் அதன் எழுத்தை விட்டுத் தமிழ் எழுத்தால் சொல்லவேண்டும் என்றார் தொல்காப்பியர். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் அதை நுணுக்கமாக விளக்கினார். ர, ல, ய முதலில் வந்தால் முன்னே ஓர் உயிர் சேரும்: அரங்கம், இராமன், உரோமம், இலாபம், இயக்கன். இரண்டு மெய்கள் ஒட்டி நின்றால் நடுவே ஓர் உயிர் புகும்: பத்மம் "பதுமம்" ஆகும், பக்வம் "பக்குவம்" ஆகும், ரத்னம் "அரதனம்" ஆகும்.

ஆங்கிலச் சொற்கள் வந்தபோது கிராமத்து மக்கள் நன்னூல் படித்துவிட்டா பேசினார்கள்? அவர்கள் நாக்கே இலக்கணம் அறிந்திருந்தது. ஸ்கூல் என்பதை இஸ்-கூல் என்று இரண்டு அசையாக்கியது. டிக்கெட் என்பதன் கடைசியில் ஓர் உகரம் வைத்து முடித்தது.

நான் முப்பது ஆண்டுகள் ரயில் நிலையங்களில் டிக்கெட் கொடுத்தவன். ஒருமுறை வயதான அம்மாள் ஒருவர் "பெரிய இஸ்டேசனுக்கு ஒரு டிக்கெட்டு" என்று கேட்டார். உடன் வேலை பார்த்த ஒருவர் அதை அப்படியே திருப்பிச் சொல்லிக் கேலி செய்தார். வரிசையே சிரித்தது. அதற்குப் பிறகு அந்த அம்மாள் வாய் திறக்கவில்லை. காசை நீட்டி, சீட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஆனால் லத்தீன் மொழியின் "ஸ்கோலா" ஸ்பானிய மொழியில் "எஸ்குவேலா" ஆயிற்று. முன்னே ஓர் உயிர் சேர்ந்தது. நம் இஸ்கூலுக்கு நடந்ததும் அதுதான். ஸ்பானியரைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.

வெள்ளைக்காரர்களும் நம் சொற்களை விட்டுவைக்கவில்லை. நாம் டிக்கெட்டில் சேர்த்த உகரத்தை அவர்கள் நம் சுருட்டிலிருந்து கழித்து "செரூட்" ஆக்கினார்கள். 1620இல் டேனிஷ்காரர்கள் வந்திறங்கிய தரங்கம்பாடி ஐரோப்பியர் வாயில் "ட்ராங்குபார்" ஆனது. த, ர இரண்டையும் பிரித்து நிறுத்திய அகரம் போய்விட்டது பாருங்கள். அது அவர்கள் மொழியின் கணக்கு. அதை நாம் தவறென்று சொன்னதில்லை. இன்றும் ஊர்ப் பெயராக மதித்து எழுதுகிறோம்.

பேரன் பேத்திகள் ஆங்கிலம் பேசும்போது ஸ்கூல் என்றே சொல்லட்டும், அதுதான் முறை. ஆனால் பாட்டி தமிழ் பேசும்போது "இஸ்கூலு" என்றால் திருத்த வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லிவையுங்கள். பாட்டி சொல்வதும் முறைதான்.

உங்கள் ஊர்ப் பக்கம் இப்படி வழங்கும் சொற்கள் நினைவிருந்தால் எழுதுங்கள். சேர்த்து வைப்போம்.