கதவடைத்த ஆயர்

நற்செய்தி வாசித்து முடிந்ததும் கோவிலை விட்டு நழுவுவோர் நம் காலத்தில் தோன்றியவர் அல்லர். ஆறாம் நூற்றாண்டில், இன்றைய பிரான்சின் தென்பகுதியில் ரோன் ஆற்றங்கரையிலுள்ள ஆர்ல் நகரிலும் இதே நிலைதான். அந்நகரின் ஆயர் புனித செசாரியுஸ், மறையுரைக்குமுன் மக்கள் வெளியேறாதபடி ஆலயக் கதவுகளைப் பலமுறை அடைக்கச் செய்தார் என்று, அவரை நேரில் அறிந்தோர் எழுதிய வரலாறு கூறுகின்றது.

இதைப் படிக்கும் அருள்பணியாளர் எவருக்கும் சற்றே பொறாமை எழும்; எனக்கும் எழுந்தது. ஆயினும் அடைத்த கதவு உடலை நிறுத்துமேயன்றி உள்ளத்தை நிறுத்தாது. செசாரியுஸ் இதை நன்கு உணர்ந்திருந்தார் என்பதற்கு அவருடைய மறையுரைகளே சான்று.

470ஆம் ஆண்டளவில் பிறந்த அவர், லெரின்ஸ் தீவின் மடத்தில் துறவியானார். உடல் நலிவுற்று ஆர்லுக்கு வந்தபோது, யூலியானுஸ் பொமேரியுஸ் என்னும் பேரறிஞரிடம் இலக்கணக் கல்வி பெறும் வாய்ப்புக் கிட்டியது. அக்காலத்தில் சொல்லலங்காரமே கல்வியின் மகுடம். ஒருநாள் நூலின்மேல் சாய்ந்து உறங்கியபோது, நூலின்மீதிருந்த தம் கையை நாகமொன்று தின்பதாகக் கனவு கண்டு, அக்கல்வியைக் கைவிட்டார் என்பர். கனவை எவ்வாறு கருதினும், அதன் விளைவைத் திருச்சபை கண்டது. 502இல் ஆயரான அவர், எளிய மக்களின் மொழியிலேயே போதித்தார்.

இந்த எளிமை அறியாமையால் வந்ததன்று. எளியோர் கற்றோரின் உயரத்திற்கு ஏற இயலாது. கற்றோரே இறங்கிவர வேண்டும் என்று அவர் வாதிட்டார். உழவரிடம் பேசுகையில், நிலத்தை ஒரு வயலாகவும் ஆன்மாவை மற்றொரு வயலாகவும் காட்டினார். எழுத்தறிவில்லை என்று சாக்குச் சொன்னோரிடம், தகாத பாடல்களை மனப்பாடம் செய்யும் நாவுக்கு விசுவாச அறிக்கை மட்டும் வராதோ என வினவினார். நீண்ட வாசகங்களின்போது நிற்க இயலாத நலிந்தோர் அமரலாம் என்று இசைவளித்தார். கதவை அடைத்தவரும், கால்வலி அறிந்தவரும் ஒருவரே!

அந்நாளில் போதித்தல் பெரும்பாலும் ஆயரின் பணியாகவே இருந்தது. செசாரியுஸ் தலைமையில் 529இல் கூடிய வேசோன் சங்கம், சிற்றூர்ப் பங்குகளின் குருக்களும் போதிக்கலாம் என்று விதித்தது. குரு நோயுற்றால், திருச்சபைத் தந்தையரின் உரைகளைத் திருத்தொண்டர் வாசிக்கலாம் என்றது. அவரும் தம் உரைகளைப் படியெடுப்பித்து இத்தாலி, ஸ்பெயின் வரை அனுப்பினார். 542இல் அவர் இறந்தபின், அவ்வுரைகளுள் பல புனித அகுஸ்தினாரின் பெயரிலேயே நெடுங்காலம் வழங்கின. பெனடிக்ட் சபைத் துறவி ஜெர்மேன் மோரேன் பல்லாண்டு உழைத்து, 230க்கும் மேற்பட்ட உரைகளை 1937இல் அவர் பெயரிலேயே பதிப்பித்தார். ஏறத்தாழ பதினான்கு நூற்றாண்டுகள் பலவற்றில் பெயர் மறைந்திருந்தது, போதனையோ மறையவில்லை.

இளங்குருவாக இருந்தபோது, குருமடத்தில் கற்ற கிரேக்கச் சொல்லாராய்ச்சியை ஒரு ஞாயிறன்று முழுமையாகக் கொட்டினேன். திருப்பலி முடிந்ததும் ஒரு மூதாட்டி, "சாமி, இன்னைக்கு ரொம்ப நல்லாப் பேசினீங்க" என்றார். என்ன பேசினேன் என்று ஆவலுடன் கேட்டேன். "அதெல்லாம் எங்களுக்கு எங்க சாமி புரியும்?" என்று கும்பிட்டுச் சென்றார். அன்று கதவு திறந்தேயிருந்தது. அவரும் இறுதிவரை இருந்தார். வெளியே நின்றவன் நானே.

மறையுரை எட்டு நிமிடத்தைத் தாண்டலாகாது என்று 2024 சூன் மாதத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் அறிவுறுத்தினார். நல்ல அளவுதான். எனினும் எட்டு நிமிடத்திலும் நம்மையே போதித்துவிட முடியும். சனி இரவு உரையைத் தயாரிக்கும்போது, மிகவும் பிடித்துப்போன வாக்கியத்தின்முன் நின்று, இது அந்த மூதாட்டிக்கா, எனக்கா என்று கேட்டுக்கொள்கிறேன். எனக்கு என்றால் அடித்துவிடுகிறேன். இன்றும் அது வலிக்கத்தான் செய்கிறது.