குடும்பத்தில் யாருக்கேனும் இருந்ததா?

ஒருவருக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கணிக்க முற்படும் குடும்ப மருத்துவர், அவருடைய இரத்த உறவினருள் யாருக்கு, எந்த உறுப்பில், எந்த வயதில் அந்நோய் கண்டது என்றே முதலில் வினவுகிறார். எளிதாகத் தோன்றும் இவ்வினா மருத்துவத்தில் உறுதியான இடம்பெற ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று. பாரிஸ் நகர அறுவை மருத்துவர் பால் புரோக்கா, தம் மனைவியின் குலத்தில் மார்பகப் புற்றுநோய் தலைமுறைதோறும் தொடர்ந்ததை 1866இலேயே பதிவுசெய்திருந்தும், அது தனியொரு குறிப்பாகவே நின்றுவிட்டது.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நோயியல் வல்லுநராக, அதாவது நோயுற்ற திசுக்களை ஆராய்பவராக இருந்த ஆல்டிரட் வார்தினிடம், 1895இல் அவர் வீட்டுக்குத் தைத்துக் கொடுத்துவந்த பெண் ஒருவர், தம் உறவினர் பலரும் வயிறு, குடல், கருப்பை ஆகியவற்றில் வந்த புற்றுநோயால் மாண்டனர் என்றும் தாமும் அவ்வாறே இளமையில் இறக்கக்கூடும் என்றும் கூறினார். அதை வீண் அச்சம் என்று ஒதுக்காமல், ஜெர்மனியிலிருந்து குடியேறிய அக்குடும்பத்தின் கால்வழியை அவர் வரையத் தொடங்கி, 1913இல் 'ஜி குடும்பம்' என்ற பெயரில் வெளியிட்டார். அந்தப் பெண்ணோ தாம் அஞ்சியபடியே கருப்பைப் புற்றுநோய்க்கு இரையானார். ஆய்வின் புகழ் வார்தினுக்குச் சேர்ந்தாலும், அதன் கருதுகோள் அந்தப் பெண்ணுடையதே என்பது நேர்மையான மதிப்பீடாகும்.

1960களில் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் பணிபுரிந்த மருத்துவர் ஹென்றி லிஞ்ச், தம் குடும்பத்தில் எல்லாரும் புற்றுநோயால் இறக்கின்றனர் என்ற ஒரு நோயாளியின் சொல்லைப் பின்பற்றி, சமூகப் பணியாளர் ஆன் கிரஷுடன் உறவினர்களைத் தேடிச் சென்று, கேட்டறிந்ததை மருத்துவப் பதிவுகளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தார். புற்றுநோய்க்குப் புறக் காரணங்களையே பலரும் தேடிய அக்காலத்தில் அவருக்கு ஆய்வு நிதி கிடைப்பதே அரிதாயிற்று. ஆயினும் 1966இல் இரு குடும்பங்களைப் பற்றியும், 1971இல் வார்தினின் பழைய குடும்பத்தைப் பற்றியும் கட்டுரைகள் வெளிவந்தன; இவ்வாறு குடும்பவழி வரும் அந்நோய்நிலை பின்னாளில் 'லிஞ்ச் நோய்க்குறி' எனப் பெயர் பெற்றது.

இந்நோய்க்குறியுள்ள குடும்பங்களை இனங்காண 1991இல் வகுக்கப்பட்ட ஆம்ஸ்டர்டாம் வரையறை, உறவினர் மூவருக்குப் பெருங்குடல் புற்றுநோய், அடுத்தடுத்த இரு தலைமுறைகள், ஒருவருக்கேனும் 50 வயதுக்குள் நோய் என்ற அளவுகோலைத் தந்தது. உயிரணு பிரியும்போது டி.என்.ஏ. படியில் நேரும் பிழைகளைத் திருத்த உதவும் எம்.எஸ்.எச்.2 மரபணு 1993இல் இனங்காணப்பட்டு, ஜி குடும்பத்தின் குறை அதிலேதான் உள்ளது என்பது 2000இல் தெளிவாயிற்று. இக்குறை பெற்றோருள் ஒருவருக்கு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்குப் பாதி வாய்ப்புண்டு. தந்தை வழியாகவும் அது வரும்.

புற்றுநோய்களுள் பெரும்பாலானவை பரம்பரையாக வருபவை அல்ல. ஆயினும் மருத்துவரிடம் செல்வோர், இருவழி உறவினருள் நோயுற்றவர், நோய் கண்ட உறுப்பு, அப்போதைய வயது ஆகியவற்றை எழுதிக்கொண்டு செல்வதும், குடும்பத்தில் புதிதாக ஒருவருக்கு நோய் தெரியவந்தால் அதை மீண்டும் சென்று சொல்வதும் வேண்டும்.