தபால் பையும் கடனட்டையும்

1873-ஆம் ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் ஆபாச எழுத்துகளைத் தபாலில் அனுப்புவதைக் குற்றமாக்கிச் சட்டம் இயற்றியது. அதற்காகப் பாடுபட்ட அந்தோணி காம்ஸ்டாக் தபால் துறையின் சிறப்பு முகவராகவும் அமர்த்தப்பட்டார். சந்தாதாரர்களைச் சென்றடையத் தபாலையே நம்பியிருந்த சிறுபத்திரிகைகளுக்கு இச்சட்டம் பெருந்தடையாயிற்று.

1918 முதல் 1920 வரை ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிஸஸ்' நாவலைத் தொடராக வெளியிட்டது 'லிட்டில் ரிவ்யூ'. அதன் சில இதழ்களைத் தபால் துறை பறிமுதல் செய்து எரித்தது. 1921-இல் ஆசிரியர்கள் மார்கரெட் ஆண்டர்சன், ஜேன் ஹீப் இருவருக்கும் தலா 50 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. எனினும் 1933-இல் நீதிபதி ஜான் வூல்ஸி, நாவல் முழுவதையும் படித்து, அது ஆபாசமன்று எனத் தீர்ப்பளித்தார். தடைக்கு ஒரு சட்டம் இருந்தமையால், அதனை எதிர்த்து முறையிட நீதிமன்றமும் இருந்தது.

இன்று தபாலின் இடத்தில் கட்டண நிறுவனங்கள் நிற்கின்றன. 2012 பிப்ரவரியில், வன்புணர்ச்சி, முறைதகா உறவு முதலியவற்றைச் சித்திரிக்கும் புனைகதைகளை நீக்காவிடில் கணக்கு முடக்கப்படும் என மின்னூல் தளமான ஸ்மாஷ்வேர்ட்ஸை பேபால் எச்சரித்தது. அட்டை நிறுவனங்களின் விதிகளே காரணமெனச் சொல்லப்பட்டது. அம்முடிவில் தனக்குப் பங்கில்லை என்றது விசா. எழுத்தாளர்களின் எதிர்ப்பால் மார்ச் மாதமே பேபால் பெருமளவு பின்வாங்கியது.

2025-இல் இதுவே பெரிய அளவில் மீண்டும் நிகழ்ந்தது. கலெக்டிவ் ஷவுட் என்னும் ஆஸ்திரேலிய அமைப்பு கட்டண நிறுவனங்களுக்கு நெருக்கடி தந்தபின், ஸ்டீம் தளம் சில விளையாட்டுகளை நீக்கியது, இட்ச்.ஐஓ தளமோ வயதுவந்தோர்க்கான படைப்புகள் அனைத்தையும் தேடலிலிருந்து மறைத்தது. மாஸ்டர்கார்டின் விதியை இடைநிறுவனங்கள் சுட்டியதாக ஸ்டீமை நடத்தும் வால்வ் கூறியது. தான் எந்த விளையாட்டையும் மதிப்பிடவில்லை என்றது மாஸ்டர்கார்டு.

2020-இல் சம்மதமின்றிப் பதிவான காணொளிகள் வெளிவந்த தளமொன்றிலிருந்து அட்டை நிறுவனங்கள் விலகியது நியாயமே. அங்கே பாதிக்கப்பட்டோர் உண்மை மனிதர்கள். கற்பனைப் பாத்திரங்களைப் பற்றிய, சட்டம் தடுக்காத கதைக்கும் அதே விதியைப் பொருத்துவது எங்ஙனம் தகும்? வூல்ஸியின் தீர்ப்பை நாம் இன்றும் படித்து உடன்படலாம், மறுக்கலாம். கட்டண வழி அடைபட்ட எழுத்தாளனுக்குப் படிக்கத் தீர்ப்பில்லை, முறையிட வாயிலுமில்லை.