மாற்றியைச் சுமந்தவர் யார்? இந்திய மின் வரலாற்றில் விடுபட்ட ஒரு கேள்வி

இந்தியாவில் மின்சாரம் பரவிய வரலாறு பெரும்பாலும் மாறுதிசை மின்னோட்டத்தின் வெற்றியாகவே எழுதப்படுகிறது. அவ்வெழுத்தில் ஒரு கேள்வி விடுபட்டுப்போகிறது. கிடைப்பது நேர்திசை மின்னோட்டமாகவும், இயக்கவேண்டிய கருவி மாறுதிசைக்கு உரியதாகவும் அமைந்த இடங்களில் இரண்டையும் இணைக்கும் சுமை யார்மீது விழுந்தது?

கல்கத்தாவில் 1899ஆம் ஆண்டு பொது மின்வழங்கல் தொடங்கியபோது அளிக்கப்பட்டது நேர்திசை மின்னோட்டமே. விளக்குகளுக்கும் விசிறிகளுக்கும் அது போதுமானதாயிருந்தது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து கோலார் தங்கவயலுக்கு ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவு சென்றதோ மாறுதிசை மின்னோட்டம். மின்மாற்றியைக் கொண்டு அழுத்தத்தை உயர்த்தி அனுப்பிப் பின் தாழ்த்திக்கொள்ள இயன்றதே அதன் வலிமை. காலப்போக்கில் அதுவே நாடெங்கும் பொதுமுறையாயிற்று. ஆயினும் கல்கத்தாவின் பழைய பகுதிகளில் நேர்திசை வழங்கல் பல பத்தாண்டுகள் நீடித்தது.

இடர்ப்பாடு எழுந்ததும் அதே மின்மாற்றியினால்தான். மாறிக்கொண்டேயிருக்கும் காந்தப்புலம் இல்லையேல் மின்மாற்றி செயற்படாது. நேர்திசையில் இணைத்தால் அதன் முதன்மைச் சுருள் வெறும் செப்புக் கம்பியாகிவிடும். அக்கம்பியின் சிறிய மின்தடை மட்டுமே மின்னோட்டத்தைத் தடுக்கும். சுருள் சூடேறிக் கருகும்.

இதற்கு இரு தீர்வுகள் இருந்தன. முதலாவது, நேர்திசை மோட்டாரால் மாறுதிசை மின்னியற்றியைச் சுழற்றுவது. விலையும் இரைச்சலும் பராமரிப்பும் மிகுந்த இவ்வேற்பாடு நிறுவனங்களுக்கே கட்டுப்படியாகும். இரண்டாவது, மின்மாற்றியையே நீக்கிய இருவகை மின்னோட்ட வானொலிப் பெட்டி. வால்வுகளின் சூடேற்று இழைகள் தொடராக இணைக்கப்பட்டன. அலைதிருத்தியோ எவ்வகை மின்னோட்டத்தையும் ஏற்றுக்கொண்டது. ஆனால் பெட்டியின் உலோக அடித்தளம் மின்கம்பி ஒன்றுடன் நேரடியாக இணைந்திருந்தது. மின்மாற்றி அளித்துவந்த மின்காப்பும் அதனுடன் அகன்றது. நிறுவனம் பணத்தால் ஈடுசெய்ததை வீட்டார் ஆபத்தால் ஈடுசெய்தனர்.

பின்னர் இரயில் பெட்டிகளில் இக்கேள்வி மீண்டும் எழுந்தது. அச்சின் சுழற்சியால் தாமே மின்னாக்கும் பெட்டிகளில், மின்கலத் தொகுதியுடன் 110 வோல்ட் நேர்திசை அமைப்பு நிலைபெற்றது. குளிர்சாதனப் பெட்டிகளில் முன்பு தூரிகையுள்ள நேர்திசை மோட்டார்களே அமுக்கிகளை இயக்கின. குறைகடத்தி இன்வெர்ட்டர்கள் வந்தபின், பெட்டிக்கடியில் பொருத்தப்பட்ட 25 கேவிஏ இன்வெர்ட்டர்கள் 110 வோல்ட்டை மூன்று கட்ட 415 வோல்ட்டாக மாற்றி, பராமரிப்புக் குறைந்த மாறுதிசை மோட்டார்களை இயக்கத் தொடங்கின. இங்கே மாற்றியைச் சுமந்தது இரயில்வே.

இத்தகைய படுக்கை வசதிப் பெட்டிகளில் கைபேசிக்கென வைத்த துளைகளில் கிடைத்ததோ பெரும்பாலும் அந்த 110 வோல்ட் நேர்திசையே. 100 முதல் 240 வோல்ட் வரையிலான மாறுதிசைக்கு எனப் பொறிக்கப்பட்ட மின்னேற்றிகள் பலவும் அதில் இயங்கின. அவற்றின் நுழைவாயிலில் இருப்பது மின்மாற்றியன்று, நான்கு டையோடுகளாலான அலைதிருத்தி. நேர்திசை வரும்போது அவற்றுள் இரண்டு மட்டும் இடைவிடாது மின்னோட்டத்தைக் கடத்தும். எனினும் 100 வோல்ட் மாறுதிசையின் உச்சமதிப்பு 141 வோல்ட். 110 வோல்ட் நேர்திசை அதற்குக் கீழானது. மின்னேற்றியின் வடிவமைப்பில் மிஞ்சியிருந்த தாங்குதிறனே அவ்விடைவெளியை நிரப்பியது. மாற்றி இப்போது பயணியின் சட்டைப்பைக்குள் வந்துவிட்டது.

ஆய்வகத்தில் அலைக்காட்டியையோ பிற அளவீட்டுக் கருவியையோ மின்கலத் தொகுதியிலிருந்து இயக்க முனைவோர்க்கும் இவ்வரலாறு உரியது. கருவியின் பெயர்த்தகடு உள்ளே முதலில் நிற்பது மின்மாற்றியா அலைதிருத்தியா என்பதைச் சொல்வதில்லை. அலைதிருத்தியே என்று தெரிந்தபின்னும் மின்னுருகியும் சுவிட்சும் எஞ்சுகின்றன. மாறுதிசை மின்னோட்டம் ஒவ்வொரு அரைச்சுற்றிலும் சுழியைத் தொடுவதால் தீப்பொறி தானே அணையும். நேர்திசையில் அந்தச் சுழி வாராது. மாறுதிசைக்கென்றே அமைந்த உருகி அங்கே உருகியபின்னும் மின்வில் எரிந்துகொண்டிருக்கக்கூடும். நேர்திசைக்கெனத் தகுதி குறிக்கப்பட்ட உருகியைத் தேடிப் பொருத்துவது, அங்கு மாற்றியைச் சுமக்கும் ஆய்வாளரின் பொறுப்பு.