சோதனைத்தளமும் குடிநிலமும்

இலங்கையின் ஊவாவில் படை என்றதும் நினைவுக்கு வருவது தியத்தலாவை. 1900இல் தென்னாப்பிரிக்கப் போரில் பிடிபட்ட பூவர் கைதிகளை ஆங்கிலேயர் அடைத்துவைத்த முகாம், பின்னர் பாசறை நகரமாயிற்று. அங்கே நடப்பது பயிற்சி. ஆயுதத்தையே சோதிக்கும் தளத்தின் வரலாற்றை அறிய, வங்கக் கடலோரமாக ஒடிசாவின் சாந்திப்பூர் வரை போகவேண்டும். பீரங்கிகளையும் குண்டுகளையும் சோதிக்க ஆங்கிலேயர் 1895இல் அங்கே ஒரு தளம் அமைத்தார்கள். வற்றும் நேரத்தில் கடல் கிலோமீட்டர் கணக்கில் பின்வாங்கும் கரை அது. கடலை நோக்கிச் சுட்ட குண்டை, நீர் இறங்கியபின் நடந்துபோய் எடுத்துவந்து ஆராயலாம். இந்த இயல்பே அந்தக் கரையைச் சோதனைக்கு ஏற்றதாக்கியது.

ஆயுதச் சோதனை நவீனமானதன் கதை, பெரும்பகுதி அளவைக் கருவிகளின் கதைதான். குண்டின் வேகத்தை அறிய, 1742இல் ஆங்கிலேயக் கணிதர் பெஞ்சமின் ராபின்ஸ் ஒரு கனத்த ஊசலை நோக்கிச் சுட்டு, அது எவ்வளவு ஆடியது என்று கணக்கிட்டார். அடுத்த நூற்றாண்டில் பெல்ஜியத்தின் லெ பூலாஞ்சே, குண்டு இரண்டு கம்பித்திரைகளை அறுக்கும் நேர இடைவெளியை மின்சாரத்தால் அளந்தார். இன்று டாப்ளர் ராடாரும், ஏவுகணையைத் தொடரும் தொலைநோக்கிக் கேமராக்களும், பறக்கும்போதே அது அனுப்பும் வானொலிச் செய்திகளும் அந்த வேலையைச் செய்கின்றன. ஒரு சோதனையில் கிடைக்கும் தகவல் கூடியதால் வீண் சோதனைகளும் விபத்துகளும் குறைய வழி பிறந்தது. இந்த முன்னேற்றத்தை மறுப்பதற்கில்லை. ஆனால் பீரங்கிக் குண்டு போய் ஏவுகணை வந்தபோது, கருவியோடு நிலத்தின் தேவையும் பெருகியது.

1980களின் நடுப்பகுதியில் இந்திய அரசு தேசிய சோதனைத்தளம் ஒன்றுக்காகச் சாந்திப்பூருக்கு வடக்கே உள்ள பலியாபாலைத் தேர்ந்தது. நெல்லும் வெற்றிலையும் தென்னையும் விளையும் வளமான கரையோரம் அது. குடிகள் எழும்ப மறுத்தார்கள். ஊருக்குள் வரும் பாதைகளைத் தடுப்பு போட்டு மறித்தார்கள். அதிகாரிகள் வந்தால் சங்கூதி, தட்டுகளைத் தட்டி ஊரைக் கூட்டினார்கள். தளம் அங்கே அமையவில்லை. ஆனாலும் 1989 மே 22இல் அக்னி ஏவுகணை சாந்திப்பூரிலிருந்து பறந்தது. பின்னர் அதே ஒடிசாக் கரைக்கு அப்பாலுள்ள வீலர் தீவு ஏவுதளமானது. 2015இல் அதற்கு அப்துல் கலாமின் பெயர் சூட்டப்பட்டது. பலியாபாலின் மறுப்பால் நாட்டின் ஏவுகணைத் திட்டம் நின்றுவிடவில்லை.

நாட்டின் பாதுகாப்புக்காகச் சிலர் இழக்கத்தான் வேண்டும் என்பார்கள். பாதுகாப்பு தேவைதான். ஆனால் இழப்பு தவிர்க்க முடியாததா என்பதை முதலில் நிறுவவேண்டும். பலியாபாலில் அது நிறுவப்படவில்லை. தீவு கிடைத்தது தற்செயல், எல்லா இடத்திலும் அப்படி வாய்க்காது என்றும் சொல்லலாம். உண்மை. சாந்திப்பூரிலேயே சில ஏவுதல்களின்போது பக்கத்துக் கிராமத்தாரைத் தற்காலிகமாக வெளியேற்றி நட்டஈடு கொடுக்கிறார்கள். வெளியேற்றம் தற்காலிகமாகவும் ஈட்டோடும் நடக்கலாம் என்பதற்கு இதுவே சான்று. குடியிருப்பையே நிரந்தரமாக அழிப்பதற்கு இது நியாயமாகாது.

ஊவாவின் நமுனுகுல மலைச்சரிவில் தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்து, லயன் அறையில் வாழ்ந்தும் காணி உறுதி கைக்கு வராத மக்களுக்கு இந்த வழக்கின் கனம் எளிதில் விளங்கும். காணிக்காரரான பலியாபால் மக்களே சாலையை மறித்துப் போராட வேண்டியிருந்தது. உறுதி இல்லாதவருக்கு மறிக்கும் உரிமையைக்கூட யாரும் ஒப்புக்கொள்வதில்லை. ஆகவே சோதனைத்தளத்தை நவீனமாக்குவது என்றால், குண்டின் வேகத்தை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு துல்லியத்தோடு அளக்கும் அதே கண்டிப்பை, 'இந்த நிலம்தான் வேண்டும், வேறு வழியில்லை' என்ற கூற்றின் மீதும் வைக்கவேண்டும். உறுதி வைத்திருப்பவர், வைத்திராதவர் என்று பாராமல், அங்கே குடியிருப்பவர் முன்னிலையில் அது நிறுவப்படவேண்டும். அந்தச் சோதனையில் தேறாத திட்டத்துக்கு ஒரு பிடி மண்ணும் கேட்க உரிமையில்லை.