முகாமுக்குப் பணம் தந்தவர்களும் முகாமை நடத்தியவர்களும்

பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் நம் சமூக அமைப்புகளின் செயலவைக் கூட்டங்களில் இரண்டு கேள்விகள் தவறாமல் எழும். இளையர் முகாமுக்கு யார் பணம் தருவார்கள்? மூன்று நாள் பிள்ளைகளுடன் தங்கி அவர்களைப் பார்த்துக்கொள்ள யார் வருவார்கள்? முதல் கேள்விக்கு ஆதரவாளர்கள் என்றும் இரண்டாவது கேள்விக்குத் தொண்டூழியர்கள் என்றும் முடிவு செய்து நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதுவோம். கடிதம் போன இடத்திலிருந்து எதிர்க்கேள்வி ஒன்று வரும்: "எங்கள் நிறுவனத்தின் பெயர் எங்கே இடம்பெறும்?"

இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு. பணம் கொடுப்பவர் பெயரைக் கேட்பதில் என்ன தவறு என்பவர்களும் உண்டு. இந்த வாதம் புதியதன்று. இளையர் முகாம் என்ற ஏற்பாட்டின் வயது நூறைத் தாண்டிவிட்டது. அதன் தொடக்கக் காலத்திலிருந்தே வணிகர்களின் பணமும் தொண்டூழியர்களின் உழைப்பும் சேர்ந்தே அதை நடத்தி வந்திருக்கின்றன. சில வேளைகளில் இரண்டும் ஒன்றோடொன்று உரசியும் இருக்கின்றன. அந்த வரலாற்றில் மூன்று முகாம்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒன்றின் பின்னால் பத்திரிகை முதலாளி ஒருவர் இருந்தார். இன்னொன்றின் பின்னால் தொழிற்சாலைகள் இருந்தன. மூன்றாவதன் பின்னால் கப்பல் நிறுவனம் ஒன்று இருந்தது. அந்த மூன்றாவது முகாமின் வழித்தோன்றல் நம் உபின் தீவு வரை வந்து சேர்ந்தது.

பத்திரிகை முதலாளியின் ஆயிரம் பவுண்டு

1907ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். இங்கிலாந்தின் தென்கரையில், பூல் துறைமுகத்தை ஒட்டியுள்ள பிரௌன்சி தீவில் ஏறத்தாழ இருபது சிறுவர்கள் கூடாரம் அடித்துத் தங்கினார்கள். அவர்களை அழைத்து வந்தவர் ராணுவ அதிகாரி ராபர்ட் பேடன் பவல். சாரணர் இயக்கத்தின் முதல் சோதனை முகாம் இதுதான். வசதியான குடும்பத்துப் பிள்ளைகள் பாதி, தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் பாதி என்று கலந்திருந்தார்கள். ஓநாய், காளை, அண்டங்காக்கை எனப் பெயரிட்ட சிறு குழுக்களில் இரு தரப்பினரும் சேர்ந்தே உண்டார்கள், உறங்கினார்கள்.

அந்த முகாமின் கணக்கு வழக்கைப் பார்த்தால் இன்று முகாம் நடத்துபவர்களுக்குப் பல செய்திகள் கிடைக்கும். வசதியுள்ள பள்ளி மாணவருக்குக் கட்டணம் 1 பவுண்டு. தொழிலாளர் வீட்டுப் பிள்ளைக்கு 3 ஷில்லிங் 6 பென்ஸ். அன்றைய பவுண்டுக்கு 20 ஷில்லிங் என்பதால், ஏழைப் பிள்ளை ஐந்தில் ஒரு பங்குகூடக் கட்டவில்லை. தீவின் உரிமையாளர் இடத்தைத் தந்தார். ராணுவக் காலத்து நண்பர் கென்னத் மெக்லாரன் உதவிக்கு வந்தார். பூல், போர்ன்மத் நகர்களின் சிறுவர் படைப் பிரிவுகளைச் சேர்ந்தவர்கள் உள்ளூர்ப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். மொத்தச் செலவு 55 பவுண்டுக்குச் சற்று அதிகம். இறுதியில் 24 பவுண்டு போல் துண்டு விழுந்தது. அதை முகாமுக்கு வந்த இரு சிறுவர்களின் தந்தை கொடுத்து அடைத்தார்.

முகாமோடு நின்றிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அதை இயக்கமாக வளர்க்கப் பணம் தேவைப்பட்டது. பத்திரிகை அதிபர் ஆர்தர் பியர்சன் 1,000 பவுண்டு தந்து துணை நின்றார். பேடன் பவல் எழுதிய சாரணர் நூலை 1908 ஜனவரியில் தொடங்கி இரு வாரத்துக்கு ஒன்றாக ஆறு பகுதிகளில் வெளியிட்டார். அதே ஆண்டு சாரணர்களுக்கென்று வார இதழும் தொடங்கினார். பியர்சன் இளையர் நலத்துக்குப் புதியவரும் அல்லர். நகரத்துச் சேரிப் பிள்ளைகளை ஒரு நாளாவது வயல்வெளிக்கு அழைத்துச் செல்லும் நிதி ஒன்றை 1892லேயே தம் பத்திரிகை மூலம் தொடங்கி நடத்தியவர் அவர்.

ஆனால் உரசல் வந்தது. நூலும் இதழும் நன்றாக விற்றன. ஆதாயத்தில் கூடுதல் பங்கு பியர்சனுக்கே போகிறது என்ற மனத்தாங்கல் பேடன் பவலுக்கு ஏற்பட்டது. பத்திரிகை விற்பதற்காகவே ஓர் இளையர் இயக்கம் நடத்தப்படுகிறது என்று பேச்சு வந்துவிடுமோ என்ற கவலையும் இருந்தது. அந்தக் கட்டத்தில் இயக்கத்தைத் தாங்கியவர்கள் ஊதியம் வாங்காத சாரண ஆசிரியர்கள்தாம். பள்ளி ஆசிரியர்களும் எழுத்தர்களும் பாதிரியார்களும் தங்கள் ஊரில் தாங்களே குழு அமைத்தார்கள். 1910க்குள் பிரிட்டனில் சாரணர் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது. அதே 1910இல் பிராங்க் கூப்பர் சாண்ட்ஸ் சிங்கப்பூரில் சாரணர் இயக்கத்தைத் தொடங்கினார். இத்தனை இடங்களில் வேர்விட்ட ஒன்றை எந்த ஒரு முதலாளியின் சொத்தாகவும் கருத முடியாமல் போயிற்று. பியர்சனின் பணம் இல்லாவிட்டால் நூல் அத்தனை விரைவில் வந்திருக்காது என்பதும் உண்மையே.

தொழிற்சாலைகள் அனுப்பிய இளையர்கள்

இரண்டாவது முகாம் 1921இல் தொடங்கியது. முதல் உலகப் போர் முடிந்து, பிரிட்டிஷ் தொழிற்சாலைகளில் வேலைநிறுத்தங்கள் மலிந்திருந்த காலம் அது. அப்போது யார்க் கோமகனாக இருந்தவர் பின்னாளில் ஆறாம் ஜார்ஜ் மன்னரானார். தொழிலாளர் நலனுக்காக முதலாளிகள் சேர்ந்து அமைத்த சங்கம் ஒன்றுக்கு அவர் தலைவராக இருந்தார். நூறு உயர்குடிப் பள்ளிகள் ஆளுக்கு இரண்டு மாணவர்களையும் நூறு தொழில் நிறுவனங்கள் ஆளுக்கு இரண்டு இளம் தொழிலாளர்களையும் அனுப்பும். மொத்தம் 400 பேர். ஒரு வாரம் கடலோர முகாமில் ஒரே உடை, ஒரே சாப்பாடு, கலப்புக் குழுக்கள். தனி ஆளுக்குப் பரிசு கிடையாது, குழுவுக்கே வெற்றி.

இங்கே நிறுவனங்களின் நோக்கம் வெளிப்படையானது. தொழிற்சாலையில் அமைதி வேண்டும். நாளைய மேலாளரும் நாளைய தொழிலாளியும் ஒருவரையொருவர் அறிந்திருந்தால் பூசல் குறையும் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கை முழுதும் பலித்ததாகச் சொல்ல முடியாது. 1926இல் பிரிட்டனைப் பொது வேலைநிறுத்தம் உலுக்கியது. கூலியும் வேலை நேரமும் பற்றிய பிரச்சினையை ஒரு வார முகாம் தீர்த்துவைக்க முடியாது அல்லவா?

அந்த முகாம்கள் 1939 வரை நடந்தன. கடைசி முகாம் ஸ்காட்லாந்தில், அரச குடும்பத்தின் பால்மோரல் மாளிகைக்கு அருகில் நடைபெற்றது. மன்னரே பிள்ளைகளோடு மலைப்பாதையில் நடந்தார். சில வாரங்களில் போர் மூண்டது. அதன்பின் அவை மீண்டும் கூடவில்லை. பதினெட்டு ஆண்டுகளாக ஆயிரக்கணக்கான இளையர்கள் வந்து போனார்கள். ஆனால் முகாம் ஒரு மனிதரின் பெயரையும் அவருடைய அழைப்பையும் சுற்றியே அமைந்திருந்தது. சாரணர் இயக்கத்தைப் போல் ஊருக்கு ஊர் அதைத் தாங்கும் ஆட்கள் இல்லை. அழைக்கும் குரல் நின்றபோது முகாமும் நின்றது.

நீலப் புகைபோக்கிக் கப்பல்கள்

மூன்றாவது கதைக்கு நம் ஊரோடு நேரடித் தொடர்பு உண்டு. ஆல்ஃபிரட் ஹோல்ட் நிறுவனத்தின் கப்பல்களை மூத்த சிங்கப்பூரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். லிவர்பூலிலிருந்து வந்த அந்தக் கப்பல்களின் புகைபோக்கி நீல நிறத்தில் இருக்கும். காலியர் கீயில் இருந்த ஓஷன் கட்டடத்தின் பெயரே அந்த நிறுவனத்தின் கப்பல் குழுமத்திலிருந்து வந்ததுதான். நம் வட்டாரத்திலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஜெட்டாவுக்கு ஏற்றிச் சென்றவையும் அந்தக் கப்பல்களே.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் வணிகக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்தன. நிறுவனத்தின் பங்காளிகளுள் ஒருவரான லாரன்ஸ் ஹோல்ட், நிறுவனரின் அண்ணன் தம்பி வழியில் வந்தவர். அவருக்கு ஒரு கவலை இருந்தது. உயிர்காக்கும் படகில் தத்தளிக்கும்போது, உடல்வலு மிக்க இளம் மாலுமிகளைவிடப் பாய்மரக் காலத்து முதிய மாலுமிகளே தாக்குப்பிடிக்கிறார்கள் என்று அவர் கருதினார். இளையர்களிடம் குறைவாக இருந்தது உடல் வலிமை அன்று, துன்பத்தைத் தாங்கிப் பழகிய அனுபவமே என்பது அவர் முடிவு.

அதே எண்ணத்தில் இருந்தவர் குர்ட் ஹான் என்னும் ஜெர்மானியக் கல்வியாளர். யூத வம்சாவளியினர். ஹிட்லரை வெளிப்படையாக எதிர்த்ததால் 1933இல் சிறை சென்று, விடுதலையானபின் பிரிட்டனுக்கு வந்து, 1934இல் ஸ்காட்லாந்தில் பள்ளி நிறுவியவர். ஹானிடம் திட்டம் இருந்தது, ஹோல்ட்டிடம் பணமும் மாலுமிகளும் இருந்தார்கள். 1941இல் வேல்ஸ் கடற்கரையில் அபர்டோவி என்னும் ஊரில் இருவரும் சேர்ந்து பள்ளியைத் தொடங்கினார்கள். ஏறத்தாழ ஒரு மாதப் பயிற்சி. படகோட்டம், மலையேற்றம், மீட்புப் பணி.

இங்கே ஹோல்ட் செய்த இரண்டு காரியங்கள் கவனிக்கத்தக்கவை. தம் நிறுவனத்தின் பயிற்சி மாலுமிகளுக்கு மட்டும் என்று அவர் கதவை அடைக்கவில்லை. பிற தொழில் நிறுவனங்களின் பயிற்சியாளர்களும் காவல்துறை, தீயணைப்புத் துறை இளையர்களும் பள்ளி மாணவர்களும் வந்தார்கள். கடல் தொழிலுக்காகப் பயிற்சி கொடுப்பதைவிட, கடலைக் கொண்டு எந்தத் தொழிலுக்கும் உரிய மனிதரை உருவாக்குவதே நோக்கம் என்று அவர் வலியுறுத்தினார். இரண்டாவது காரியம், பெயர். ஹானுக்கு அவ்வளவாகப் பிடிக்காவிட்டாலும் ஹோல்ட் ஒரு பெயரைச் சொன்னார். ஹோல்ட் பள்ளி என்றோ நீலப் புகைபோக்கி முகாம் என்றோ அவர் கேட்கவில்லை. துறைமுகத்தை விட்டு வெளிக்கடலுக்குப் புறப்படும் கப்பலைக் குறிக்க மாலுமிகள் வழங்கும் சொல்லையே தந்தார். அவுட்வர்ட் பவுண்ட் என்ற பெயர் அப்படித்தான் பிறந்தது.

லூமுட்டிலிருந்து உபின் வரை

போருக்குப் பின் 1946இல் பள்ளிக்கென்று அறநிதி அமைப்பு உருவானது. இனி அது ஒரு நிறுவனத்தின் கையில் இல்லை. 1951இல் பெண்களுக்கும் பயிற்சி தொடங்கியது. மலாயாவில் அவசரகாலம் நடந்துகொண்டிருந்த 1950களின் நடுப்பகுதியில் பேராக் மாநிலத்தின் லூமுட்டில் ஒரு பள்ளி எழுந்தது. பிரிட்டனுக்கு வெளியே தோன்றிய முன்னோடிப் பள்ளிகளுள் அதுவும் ஒன்று. சிங்கப்பூர் சுதந்திரம் பெற்ற இரண்டே ஆண்டில், 1967இல், டாக்டர் கோ கெங் சுவீயின் முயற்சியால் உபின் தீவில் பள்ளி அமைந்தது. 1991இல் அது மக்கள் கழகத்தின் பொறுப்புக்கு வந்தது. உயர்நிலை 3 மாணவர் அனைவரும் ஐந்து நாள் பயிற்சி பெற வேண்டும் என்ற திட்டத்தை 2016இல் அரசாங்கம் அறிவித்தது.

லிவர்பூல் வணிகர் ஒருவரின் பணத்தில் தொடங்கியது, இங்கே பொதுப் பணத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியதாக வளர்ந்தது. நீலப் புகைபோக்கிக் கப்பல்கள் இன்று கடலில் இல்லை. அவற்றின் பெயரைத் தாங்காத பள்ளி இன்னும் பல நாடுகளில் இயங்குகிறது.

நமக்கு என்ன?

இந்த மூன்று கதைகளிலும் ஆதரவாளருக்குச் சொந்த நோக்கம் இருந்தது. பியர்சனுக்குப் பத்திரிகை விற்பனை, தொழிற்சாலைகளுக்கு அமைதி, ஹோல்ட்டுக்குத் தம் மாலுமிகளின் உயிர். நோக்கம் இருப்பது குற்றமன்று. முகாமின் பாடத்தை யார் தீர்மானிக்கிறார்கள், ஆதரவாளர் விலகினால் முகாமைத் தொடர்ந்து நடத்த யார் இருக்கிறார்கள் என்பவைதான் நாம் கேட்க வேண்டிய கேள்விகள்.

சிங்கப்பூரில் அதற்கென அங்கீகாரம் பெற்ற அறநிறுவனங்களுக்குத் தரும் நன்கொடைக்கு வரிக்கழிவு உண்டு. நிறுவனத்தின் ஊழியர்கள் வேலை நேரத்தில் தொண்டூழியம் செய்தால் அவர்களின் சம்பளத்துக்கும் வரிக்கழிவு தரும் திட்டம் 2016இல் வந்தது. ஆகவே நிறுவனங்கள் பணத்தோடு ஆட்களையும் அனுப்ப முன்வருகின்றன. நல்லதே. ஆனால் நிறுவனச் சட்டையுடன் ஒரு நாள் வந்து படம் எடுத்துக்கொண்டு போகும் முப்பது பேரைவிட, இரவில் காய்ச்சல் கண்ட பிள்ளையின் அருகில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர் முகாமுக்குத் தேவை. அந்த நிறுவனத்திடம், "ஆண்டுதோறும் வரக்கூடிய இருவரை அனுப்புங்கள், நாங்கள் பயிற்சி தருகிறோம்" என்று கேட்கத் தயங்கக்கூடாது. சென்ற ஆண்டு முகாமில் கலந்துகொண்ட பிள்ளை அடுத்த சில ஆண்டுகளில் வழிகாட்டியாகத் திரும்பி வர வழி செய்வதும் நம் கையில்தான் உள்ளது.

சிறுசிறு தொகைகளின் பலத்தையும் நாம் மறக்கலாகாது. 1991இல் தோன்றிய சிண்டா, வேலை செய்யும் இந்தியர்கள் மாதந்தோறும் தரும் சந்தாவைக் கொண்டு வளர்ந்த அமைப்பு. பலர் கொடுக்கும் பணத்தில் எந்த ஒருவரும் முகாமின் சொந்தக்காரர் ஆகிவிட முடியாது.

நிறுவனத்தின் பெயர் எங்கே வரும் என்று கேட்பவருக்குப் பதாகையில் ஓர் இடம் கொடுத்துவிடலாம். அதில் பெரிய நட்டம் இல்லை. ஆனால் அவர் பணத்தில் முதல் செலவு எதற்கு என்பதை நாமே முடிவு செய்ய வேண்டும். கட்டணம் கட்ட முடியாமல் முகாமுக்கு வராமலே போகும் பிள்ளைகள் நம் பேட்டைகளில் இருக்கிறார்கள். 1907இல் 3 ஷில்லிங் 6 பென்ஸ் கட்டியவர்களும் அதே கூடாரத்தில்தான் படுத்தார்கள். யார் எவ்வளவு கட்டினார்கள் என்று அங்கே எழுதி ஒட்டியிருக்கவில்லை. நம் முகாமிலும் அப்படி நடக்கட்டும்.