ஔவையார் வளைவும் அண்ணி கேட்ட கேள்வியும்

போன மாசம் அண்ணன், அண்ணியோட ஏலகிரி போயிருந்தேன். வாணியம்பாடி தாண்டி, பொன்னேரியில் திரும்பினால் மலைப்பாதை. மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவுகள். எல்லாத்துக்கும் புலவர்கள் பேரும் கடையேழு வள்ளல்கள் பேரும் வைத்திருக்கிறார்கள். பலகைகளை வாசித்துக்கொண்டே வந்த அண்ணி, "பதினாலுல ஔவையார் மட்டும்தான் நம்ம ஆளா?" என்றார்.

அண்ணிக்கு ஆம்பூர் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற வேலை. வீட்டு வாடகை அவர் சம்பளத்தில்தான். கொஞ்ச நேரம் கழித்து அடுத்த கேள்வி: "தம்பி, வள்ளுவர் பொம்பளைங்கள உசத்தியா சொன்னாரா, மட்டமா சொன்னாரா?"

ரெண்டும்தான் அண்ணி! 6ஆம் அதிகாரத்தில், கற்புறுதி உள்ள பெண்ணைவிடப் பெரிது என்ன இருக்கு என்கிறார். அடுத்த குறளிலேயே, தெய்வத்தை விட்டுக் கணவனைத் தொழுகிறவள் சொன்னால் மழை பெய்யும் என்கிறார். 57ஆம் குறளில், பெண்ணைப் பூட்டி வைத்துக் காப்பதால் என்ன பயன் என்று நியாயமாகவும் கேட்கிறார்.

வள்ளுவர் பெண்ணாக இருந்திருந்தால் இப்படி எழுதியிருப்பாரா என்று கேட்டவர் பெரியார். 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் 'வள்ளுவரும் கற்பும்' என்ற கட்டுரையைப் பாருங்கள். அதே பெரியார்தான் 1949 ஜனவரியில் சென்னையில் திருக்குறள் மாநாடும் நடத்தினார். கேள்வி கேட்கிறவன் புத்தகத்தைத் தூக்கிப் போட வேண்டியதில்லை என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

இன்னொன்று, எல்லாப் பழியும் வள்ளுவர் மேல் போடக்கூடாது. 61ஆம் குறளில் 'மக்கள்' என்றுதான் இருக்கிறது. பரிமேலழகர் அதில் பெண் சேராது என்று உரை எழுதினார். 69ல், மகனைச் சான்றோன் என்று பிறர் சொல்லக் கேட்டுத் தாய் மகிழ்கிறாள். பெண்ணுக்குத் தானாக அறிகிற இயல்பு இல்லாததால் 'கேட்ட' தாய் என்பது பரிமேலழகர் சொன்ன காரணம். குறளில் அது கிடையாது.

ஆனால் 91ஆம் அதிகாரம், பெண்வழிச் சேறல்? அங்கே உரைகாரரைக் கைகாட்டித் தப்பிக்க முடியாது. மனைவி ஏவலுக்கு நடக்கிற ஆண்களைப் பத்துக் குறளிலும் வாங்கு வாங்கென்று வாங்குகிறார்.

அண்ணி விடவில்லை. "உங்கண்ணன் எதையும் என்னைக் கேட்டுத்தான் செய்வாரு. அப்போ அவரு ஆம்பளை இல்லையா?" வண்டி ஓட்டிக்கொண்டிருந்த அண்ணன் கியரை மாற்றினார், வாயே திறக்கவில்லை :-)

வீட்டுக்கு வந்து அந்தப் பத்தையும் திரும்பப் படித்தேன். ஆசையில் விழுகிறவன், பயப்படுகிறவன், ஏவலுக்கு ஆடுகிறவன்... எல்லாரும் இருக்கிறார்கள். மனைவி சொல்வது சரியாக இருந்ததால் கேட்டவன் மட்டும் இல்லை. அப்படி ஒருத்தி இருக்கலாம் என்றே அங்கே தோன்றவில்லை.

ஆனால் 423ஆம் குறளில் அதே வள்ளுவர், யார் வாயிலிருந்து வந்தாலும் சொன்னதில் உண்மை இருக்கிறதா என்று பார் என்கிறார். அந்த 'யார்' என்பதில் எங்க அண்ணியும் சேர்த்தி என்றால், 91ஆம் அதிகாரம் வள்ளுவரிடமே தோற்றுப்போகிறது.

அண்ணிக்குப் போன் பண்ணிச் சொன்னேன். "அதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?" என்றார். அண்ணி, நீங்க கேட்காமல் இருந்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது.